தொரப்பாடிக் கைதிக்கு ‘அப்பீல் நிதி’: எஸ்.ஆர். சீட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் பக்கம் ஒரு கைதியின் மேல்முறையீட்டுக்கென்று சில வாரங்களாகப் பணம் வசூலானது. கொடுத்தவர்களில் பலர் பீடி சுற்றும் பெண்கள், ஷூ கம்பெனித் தொழிலாளர்கள். 20, 50 என்று சேர்ந்த பணம். போலீஸ் புகார் விசாரணையில் இருப்பதால் ஆள் பெயர், ஆபீஸ் பெயர் எதையும் எழுதவில்லை. பணம் எந்தெந்த இடத்தில் நழுவியது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

கைதி ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார். நிர்வாகம் அவர்மேல் திருட்டு வழக்குப் போட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2 ஆண்டு தண்டனை. தண்டனை 3 ஆண்டுக்கு மேல் போகாமல், ஆளும் ஜாமீனில் இருந்தால், அப்பீல் போடும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும்படி தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே அன்றே கேட்கலாம். தனியாகக் காரணம் இல்லாமல் மறுக்க மாட்டார்கள். அன்று அந்த மனுவை யாரும் போடவில்லை. மாலையில் வேலூர் தொரப்பாடி மத்திய சிறை.

அடுத்த வாரமே வசூல் நோட்டீஸ் வந்தது: ‘ஹைகோர்ட் அப்பீல், சென்னை சீனியர் வக்கீல், தேவை ரூ. 4 லட்சம்.’ 1996-ல் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அதில் அச்சடித்திருந்தார்கள். படிக்க உணர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அது பொதுநல வழக்கு. இது தண்டனையை எதிர்த்த அப்பீல். ஒன்றின் செலவை வைத்து மற்றதற்குக் கணக்குப் போட முடியாது.

முதல் பொய் அந்த ‘ஹைகோர்ட்’ என்ற சொல்தான். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு முதல் அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில், அதாவது வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே. கெடு 30 நாள். அங்கே தோற்றால்தான் சென்னை, அதுவும் அப்பீலாக அல்ல, ரிவிஷனாக (சீராய்வு மனுவாக), 90 நாளுக்குள். செஷன்ஸ் கோர்ட்டே தண்டித்திருந்தால்தான் ஹைகோர்ட் அப்பீல், அதற்குக் கெடு 60 நாள். ஆகவே யார் நிதி கேட்டாலும் தீர்ப்பு நகலைக் கேளுங்கள். முதல் பக்கத்தில் எந்தக் கோர்ட், கடைசிப் பக்கத்தில் எத்தனை ஆண்டு, எந்தத் தேதி என்று இருக்கும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ‘நகல் வாங்கவே 15 ஆயிரம் ஆச்சு’ என்று இந்த வசூலில் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்!

இரண்டாவது, எஸ்.ஆர். நம்பர். பணம் கொடுத்தவர்கள் அதிகம் ஏமாந்தது இங்கேதான். மனுவைத் தாக்கல் செய்ததும் கோர்ட் ஆபீஸில் ஒரு எஸ்.ஆர். எண் போடுவார்கள். பேப்பர் உள்ளே வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. குறை இருந்தால் காரணம் எழுதி ரிட்டர்ன் செய்வார்கள். சரிசெய்து, கோர்ட் ஆபீஸ் கொடுத்த கெடுவுக்குள் திரும்பப் போட வேண்டும். அதன்பிறகுதான் கிரிமினல் அப்பீல் என்று எண் விழும். இங்கே எஸ்.ஆர். சீட்டைப் போட்டோ எடுத்து ‘அப்பீல் போட்டாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். வக்காலத்தில் சிறை அதிகாரியின் சான்றொப்பம் இல்லை என்று பேப்பர் ரிட்டர்ன் ஆகி, யாரும் எடுக்காமல் கிடந்தது. உள்ளே இருப்பவர் கையெழுத்துப் போடும் வக்காலத்து சிறை வழியாகத்தான் வர முடியும் என்பது வக்கீல் குமாஸ்தா ஒருவருக்குத் தெரியாமலா இருக்கும்? 30 நாள் கெடு அப்படித்தான் போனது.

அப்பீல் எண் விழுந்ததா என்று பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள அடையாள எண்ணான, 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா உட்பட எல்லாம் தெரியும். வக்காலத்துப் போட்ட வக்கீல் பெயரும் வரும். நோட்டீஸில் இருக்கும் பெயர் அங்கே இல்லையென்றால் பணத்தை நிறுத்துங்கள்.

மூன்றாவது, கணக்கு. க்யூஆர் அட்டையின் மேல் அச்சடித்த பெயர் ஒன்று, ஸ்கேன் செய்தால் திரையில் வந்த பெயர் வேறு. அச்சடித்ததை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்; திரையில் வருவதுதான் வங்கியில் உள்ள பெயர். ‘கூட்டுக் கணக்கில் யூபிஐ வராது, அதனால்தான் என் கணக்கு’ என்றாராம் வசூலித்தவர். பாதி உண்மை. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கணக்கில் யூபிஐ பொதுவாக இயங்காது. இருவரில் யாராவது ஒருவர் இயக்கலாம் என்ற கணக்கில் இயங்கும். கைதியின் மனைவி பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, வாரம் ஒருமுறை ஸ்டேட்மென்ட் வெளியிட்டிருந்தாலும் போதும். பீஸ் அந்தக் கணக்கிலிருந்து வக்கீல் கணக்குக்கு நேராகப் போய், ரசீது வர வேண்டும். நடுவில் ஆள் எதற்கு?

‘மேலே கொஞ்சம் கொடுக்கணும்’ என்று 80 ஆயிரம் தனியாகக் கேட்கப்பட்டிருக்கிறது. முறைகேட்டைச் சொன்னதற்காக உள்ளே போனவர் பெயரில் லஞ்சப் பணம்! ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம், கொடுத்தவர்களும் மாட்டுவார்கள். ‘ஜெயித்தால் இவ்வளவு’ என்று பீஸ் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குக் கூடாது. ‘தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஸ்பெஷல் மனு’ என்றும் ஒரு தொகை எழுதியிருந்தது. 2014-ல் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை; தனியார் கம்பெனி விவகாரத்துக்கு அது எழுதப்படவும் இல்லை.

வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது தருகிறோம் என்பதையும் நம்பாதீர்கள். ஒரு தனிமனிதரின் வழக்குச் செலவுக்குக் கொடுப்பதற்கு அந்த வரிச்சலுகை கிடையாது. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசிய, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட உறவுக்காரர், நண்பர் அனுப்பும் முன் வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சொல்ல வயிறு எரிகிறது, இந்த வசூலே பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு. குடும்பத்தார் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக்கொடுக்கலாம், 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். அப்படி அமர்த்திய வக்கீல் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. யாருமே இல்லையென்றால் கைதி தன் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். இந்த வழக்கில் கடைசியில் இலவச வக்கீல்தான் தாமத மன்னிப்பு மனுவோடு அப்பீலைப் போட்டு, தண்டனையை நிறுத்திவைக்கவும் கேட்டிருக்கிறார். ஜாமீன்தாரர் இருவருக்கும் ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, போட்டோ இப்போதே தயாராக இருக்கட்டும். உத்தரவு வந்தபிறகு தேடினால், கோர்ட் வாசலில் நிற்கும் ‘வாடகை ஜாமீன்’ ஆளிடம் இன்னொரு வசூல் தொடங்கிவிடும்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள்: யூபிஐ என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதியுங்கள், நாள் தள்ளத் தள்ள பணத்தை முடக்குவது கஷ்டம். வக்கீலே ஏமாற்றியிருந்தால் பார் கவுன்சிலுக்குப் புகார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய் நாளைக் கடத்த வேண்டாம், வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசூல் செய்த ஆள் மேல் மோசடி, நம்பிக்கை மோசடிப் புகார் போலீஸில். நோட்டீஸ், எஸ்.ஆர். சீட்டின் படம், பணம் போனதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் பிரின்ட் எடுத்து இணையுங்கள். உண்டியலில் போட்டவர்களுக்கு ரசீது இருக்காது. எந்த நாள், எந்த இடம், எவ்வளவு, கூட யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதையும் புகாரோடு சேர்க்கலாம்.