ரெண்டு வயசு போனிக்கு வீடு கொடுப்பது: வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் தத்துத் திட்டம் எப்படி?

இங்கிலாந்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்காக ஒரு போனி, அதாவது மட்டக்குதிரை, வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "குதிரை எவ்வளவு?" என்பதுதான். குட்டி வாங்குவதில் செலவே இல்லை. இலையுதிர் காலத்தில், போனிகள் திறந்தவெளியில் மேயும் டார்ட்மூர் மேட்டிலிருந்து ஓட்டி வரும் குட்டிகள் ஏலத்தில் ஒரு நல்ல சைக்கிளின் விலைக்குக்கூடப் போகாது. அப்புறம் அது 25, 30 வருஷம் உயிரோடு இருக்கும், அங்கேதான் யானை விலை குதிரை விலை.

நாங்களும் முதலில் விளம்பரம் பார்த்துத்தான் போனோம். ஒரு பண்ணையில் ஒரு வயசு ஆண்குட்டி, முட்டிவரை சேறு, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. குடற்புழு இருக்குமோ என்று உடனே சந்தேகம். பாஸ்போர்ட் (குதிரையின் அடையாள ஆவணம்) எங்கே என்று கேட்டால் "தபாலில் வருகிறது" என்றார் விற்பவர். இங்கே பாஸ்போர்ட் இல்லாமல் குதிரை விற்பது சட்டப்படி குற்றம், 2020 அக்டோபரிலிருந்து மைக்ரோசிப்பும் எல்லாக் குதிரைக்கும் கட்டாயம். இரண்டும் இல்லாத குட்டியை ரொக்கத்துக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். அங்கிருந்து கிளம்பி வந்த பிறகுதான் தத்துத் திட்டங்களைத் தேட ஆரம்பித்தோம்.

இங்கே ரெட்விங்ஸ், புளூ கிராஸ் என்று, மீட்ட குதிரைகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் அமைப்புகள் சில உண்டு. நாங்கள் போனது வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர். 1927-இல் ஏடா கோல் என்ற பெண்மணி தொடங்கியது. உயிரோடு குதிரைகளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு இறைச்சிக்கு அனுப்புவதை எதிர்த்துத்தான் அவர் ஆரம்பித்தார். நார்ஃபோக்கில் ஸ்னெட்டர்டன் பக்கம் இருக்கும் அவர்களுடைய ஹால் ஃபார்ம் மையம்தான் எங்களுக்குக் கிட்டே.

முக்கியமான விஷயம், குதிரை உங்களுக்குச் சொந்தமாகாது. ஆயுசுக்கும் அது அமைப்பின் சொத்துதான், நீங்கள் வீடு கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். விற்க முடியாது, இனப்பெருக்கத்துக்கு விட முடியாது. தீவனம், லாடக்காரர், மருத்துவர் செலவு எல்லாம் உங்களுடையது, கூடவே எடுக்கும்போது ஒரு கட்டணமும் உண்டு. இதைக் கேட்டதும் என் மாமனார் "காசும் நீங்க கொடுத்து, மாடும் அவங்களுதா?" என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். வேலை போனாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, வேறு ஊருக்கு மாறினாலோ, அந்தக் குதிரையை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கை மாறி கை மாறிக் கடைசியில் யாரோ ஒருவருடைய வயலில் கேட்பாரற்று நிற்கும் நிலை அதற்கு வராது. இளம் போனிக்கு முன்னால் கால் நூற்றாண்டு இருக்கிறது, நமக்கு அவ்வளவு நிச்சயம் எதில் இருக்கிறது? எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் கூடுதல்.

அவர்கள் தளத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் தனிக் குறிப்பு இருக்கும், சவாரிக்கு ஆகுமா, துணைக்கு மட்டுமா, இன்னும் பழக்க வேண்டிய இளசா என்று பிரித்திருப்பார்கள். நாங்கள் எடுத்த ரெண்டு வயசுப் பெண்குட்டியின் குறிப்பில் "புது ஆட்களிடம் தயங்கும், தனியாக விடக் கூடாது" என்று இருந்தது, வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. விளம்பரங்களில் வரும் "சாது, குழந்தைகூடப் பிடிக்கலாம்" ரகத்தைப் படித்துவிட்டு வந்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

நம் இடத்தை வந்து பார்ப்பார்கள், சும்மா ஒப்புக்குப் பார்ப்பது இல்லை. முள்கம்பி வேலி ஆகாது. தண்ணீர், ஒதுங்க இடம், கூட இன்னொரு குதிரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள் (எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கிழப் போனி ஒன்று துணை). ராக்வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியை வேரோடு பிடுங்கியாக வேண்டும். அது ஈரலைக் கெடுக்கும், பச்சையாக இருக்கும்போது கசக்கும் என்று குதிரை ஒதுக்கிவிடும், காய்ந்து உலர்புல் தீவனத்தோடு கலந்தால் கசப்பு போய்விடும், விஷம் போகாது. சிகமோர் மரம் பக்கத்தில் இருந்தால் அதன் விதையும் முளையும் தசையை அழிக்கும் நோயைக் கொண்டுவரும். இந்த இரண்டும் நம் பக்கம் இல்லாததால் நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். குதிரை வந்த பிறகும் அவர்களுடைய கள அலுவலர் வந்து பார்ப்பார். வேவு பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், ஓசியில் கிடைக்கும் ஆலோசனை.

அடுத்து, போனி. பதினோரு ஹேண்ட் உயரம், ஒரு ஹேண்ட் என்றால் நாலு அங்குலம். நாலு வயசுக்கு முன்னால் மேலே ஆள் ஏறுவது கிடையாது, எலும்பு முற்ற வேண்டும். அதுவரைக்கும் கயிற்றில் நடக்கப் பழக்குவது, குளம்பைத் தூக்கப் பழக்குவது, இதுதான் வேலை. முன்னங்கால் பரவாயில்லை, பின்னங்காலைத் தொட்டாலே வாலைச் சுழற்றிவிட்டு நகர்ந்துவிடும். தோளிலிருந்து கையை எடுக்காமல் முதுகு, தொடை, முட்டி என்று இறக்கி, கால் எடை மாறும் அந்த நொடியில் தூக்கி, அது இழுப்பதற்கு முன்னால் நாமே கீழே வைத்துவிட வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் குளம்பு சீவ வருவார், அவர் முதுகைக் காப்பாற்றவாவது இதைப் பழக்கியே ஆக வேண்டும்.

எங்கள் பெரியப்பா அந்தியூர்க்காரர், ஆடி மாசம் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்குத் தவறாமல் போகிறவர். வீடியோவில் காட்டினால் முதல் கேள்வியே "சுழி பாத்தியா கண்ணு?" "பாஸ்போர்ட்டுலயே போட்டிருக்குதுங்க பெரியப்பா" என்றேன். நிஜம்தான், இங்கே பாஸ்போர்ட்டில் குதிரையின் கோட்டுப்படம் ஒன்று இருக்கும், அதில் மருத்துவர் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். அடையாளத்துக்காகத்தான், ராசிக்காக இல்லை. பெரியப்பா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "குடும்பத்துக்கு ஆகும்" என்று சொன்ன பிறகுதான் என் அம்மா அதன் பெயரையே கேட்டார்.

குறை என்று பார்த்தால், பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. விண்ணப்பம், இடம் பார்ப்பது, அப்புறம் போய்க் குதிரையைப் பார்ப்பது என்று நாள் இழுக்கும். எட்டு வயசுப் பிள்ளைக்கு வரும் கோடையிலேயே சவாரி வேண்டும் என்றால் இளம் குட்டி பக்கமே போகாதீர்கள், பழகிய குதிரையைக் கேளுங்கள், அல்லது சவாரிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், மலிவும்கூட.

செலவுக் கணக்கில் மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேருங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பின் கோல்டு உறுப்பினர் ஆனால் அது கூடவே வரும். ஃப்ளூ, டெட்டனஸ் தடுப்பூசி கண்டிப்பாக வேண்டும். வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நம் ஆட்களுக்கு அன்பு என்றால் ஊட்டுவதுதான், ஒருவர் லண்டனிலிருந்து கொள்ளு வாங்கி வந்துவிட்டார். இந்த நாட்டுப் போனிகளுக்கு வசந்தகாலப் புல்லே அதிகம், கொழுத்தால் லாமினைட்டிஸ் வந்து குளம்பு நொந்து நடக்க முடியாமல் போகும். எங்கள் வாசல் கேட்டில் "ஊட்டாதீர்கள்" என்று தமிழிலும் ஒரு பலகை தொங்குகிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையைப் பிடித்துக்கொண்டது காத்திருப்புக்காக. விண்ணப்பிப்பதானால் வேலியையும் துணைக் குதிரையையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுங்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு குடும்பம் தலைகீழாகச் செய்துவிட்டு இன்னும் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறது.