தட்டைத் திருப்பிப் பாருங்கள்: அம்மாபேட்டையில் ஒரு ரிப்பன், லேஸ் கைவேலை

தங்கை மகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் என்ற முறையில் நான் கொண்டுபோக வேண்டிய 21 சீர்வரிசைத் தட்டுகளை, கடந்த வைகாசியில், சேலம் அம்மாபேட்டையில் தம் வீட்டு முன்னறையிலேயே ரிப்பன், லேஸ் அலங்கார வேலை செய்துவரும் ஒரு பெண்மணியிடம் கொடுத்துச் செய்து வாங்கினேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, கார்த்திகையில், ஏற்காட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தின் மேடை அலங்காரத்தையும் அவர்தான் செய்தார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பெயரையும் கைப்பேசி எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரே வேலைக்காரரிடம் மலைமேல் குளிருக்கு ஒரு முறையும் கீழே வெயிலுக்கு ஒரு முறையும் வாங்கிய அனுபவம் இருப்பதால், இத்தகைய வேலையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பிறருக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ‘நாடா’ என்றால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடும் கட்டைதான். ரிப்பனுக்கும் அதே பெயர் உண்டென்பது பள்ளிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, மாதிரிக்காக வாங்கிவந்த முதல் தட்டை அம்மாவிடம் கொடுத்தபோது, அவர் அதிலிருந்த ரோஜாப் பூவையோ முத்தையோ பார்க்கவில்லை. புடவையின் உள்பக்கத்தைப் பார்ப்பதுபோலத் தட்டைக் கவிழ்த்து, அடியில் விரலை ஓட்டி, “தைச்சிருக்காடா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே மீதி 20 தட்டுகளுக்கும் முன்பணம் கொடுத்தேன்.

சந்தையில் கிடைக்கும் அலங்காரத் தட்டுகளில் பெரும்பாலானவை கெட்டி அட்டையில் வெல்வெட் துணியை ஒட்டி, விளிம்பில் லேஸைப் பசைத் துப்பாக்கியால் பதித்துச் செய்யப்படுபவை. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இருக்காது. ஆனால் அந்தப் பசை சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுவது. அக்னி நட்சத்திரம் முடியாத வைகாசியில், வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் அது மீண்டும் இளகத்தான் செய்யும். மண்டப வாசலில் இறக்கும்போது லேஸ் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருப்பதைச் சேலத்தில் பார்க்காதவர் குறைவு. இவர் வேறு வழியைக் கையாள்கிறார். ஒட்டுப்பலகையை வட்டமாக வெட்டி, அதற்கு ஒரு துணிச் சட்டை தைக்கிறார். தலையணை உறையின் வாயைச் சுருக்குவதுபோல அடியில் நூலை இழுத்து முடிகிறார். விளிம்பின் சுருக்கு ரிப்பன் அந்தச் சட்டையோடு சேர்த்துத் தைக்கப்படுகிறது. பசை வருவது அடியில் ஒட்டும் வட்டத்துணிக்கும் மேலே பதிக்கும் கற்களுக்கும் மட்டுமே. ஐந்து கிலோ மாம்பழம் வைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கியபோது பலகை வளையவில்லை. குங்குமம் சிந்திய ஒரு சட்டையைக் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டவும் முடிந்தது.

சுருக்கு என்பது சிக்கனக்காரர்கள் ஏமாற்றும் இடம். விளிம்பு நிறைந்து நிற்க வேண்டுமானால், சுற்றளவைப் போல இரண்டு மடங்கு ரிப்பனாவது வேண்டும். 14 அங்குல விட்டமுள்ள தட்டுக்குச் சுற்றளவு 44 அங்குலம். ஆக 88 அங்குலம், ஏறக்குறைய இரண்டரைக் கஜம். எங்களுக்கு 14 அங்குலத்தில் 13 தட்டுகள், 10 அங்குலத்தில் 8 தட்டுகள். கணக்குப் போட்டால் 46 கஜம் வருகிறது. 25 கஜ உருளை இரண்டு வாங்கினால் சற்றே மிஞ்சும். இந்தக் கணக்கை அவர் என் முன்னாலேயே பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். ஒன்றரை மடங்கு ரிப்பனில் செய்தால் விலை குறையும் என்று நான் கேட்டதற்கு, “அப்புறம் தட்டு மொட்டையடிச்ச மாதிரி இருக்குமுங்க அண்ணா” என்று சொல்லி முடித்துவிட்டார்.

அவர் ரோஜா செய்வதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள சாட்டின் ரிப்பனை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, முதலில் வெட்டிய முனையை மெழுகுவர்த்திச் சுடரின் நீலமான அடிப்பகுதிக்கு அருகே, தொடாமல், கண் இமைக்கும் நேரம் காட்டி எடுக்கிறார். பாலியஸ்டர் இழை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் முனை பிரியாது. மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படிந்துவிடும். பிறகு ஒரு முனையை இறுக்கிச் சுருட்டி மொட்டாக்கி, ரிப்பனைச் சாய்வாக வெளிப்பக்கம் மடித்து, மொட்டைச் சுற்றி ஒரு சுற்று. அடியில் ஒரு தையல். மறுபடி ஒரு மடிப்பு, ஒரு சுற்று, ஒரு தையல். ஒவ்வொரு சுற்றுக்கும் தையல் விழுவதால்தான் அந்தப் பூ கையில் அழுத்தினாலும் மலர்ந்த நிலை மாறாமல் நிற்கிறது. சாட்டின் என்பது பாவு இழைகளை, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகளை, குறுக்கே ஓடும் ஊடையின்மேல் நீளமாக மிதக்கவிட்டு நெய்வது. அந்த மிதப்புதான் பளபளப்பைத் தருகிறது, நகம் பட்டால் இழை இழுபடுவதும் அதனால்தான். அவர் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லேஸ் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கையாக எழுத வேண்டியிருக்கிறது. முதல் முறை போனபோது “எல்லாமே கைவேலை லேஸுங்க” என்றார். லேஸைத் திருப்பிப் பார்த்தால் ஒரே பூ ஒரே இடைவெளியில் அச்சுப் பிசகாமல் வருகிறது. பின்பக்கம் பூவுக்குப் பூ வெட்டிவிட்ட இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அது இயந்திர லேஸ். வலைத்துணி நெய்யும் இயந்திரத்தை இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1809இல் உருவாக்கிய காலத்திலிருந்தே கையால் பின்னும் லேஸுக்கு இயந்திரம் போட்டிதான். நம் பக்கத்தில் கைப்பின்னல் லேஸ் என்றால் அதற்கு வேறு ஊர்கள் உண்டு: நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது, அவருடைய மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அந்த வேலையின் ஒரு முழத்துக்கு ஆகும் நேரத்தில் இந்த 21 தட்டுகளின் விளிம்பையும் முடித்துவிடலாம். நான் இதைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. லேஸ் சின்னக் கடை வீதியில் வாங்கியது என்றும், சுருக்குவதும் தைப்பதும் பூ செய்வதும்தான் தம் கைவேலை என்றும் திருத்திக்கொண்டார். பருத்தி லேஸ் என்று கொடுத்த ஒரு துண்டிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். காகிதம்போல எரிந்து சாம்பலானது. பாலியஸ்டராக இருந்தால் சுருங்கிக் கறுத்த மணியாக உருண்டிருக்கும். அந்த வகையில் சொன்ன பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பருத்தி லேஸ்தான் ஏற்காட்டில் எங்கள் காலை வாரியது. நிச்சயதார்த்தம் ஒரு விடுதியின் புல்வெளியில், மாலை நேரத்தில். மேடையின் பின்னால் கஞ்சி போட்டு விறைப்பேற்றிய வெள்ளை லேஸைத் திரையாகக் கட்டி, இரும்புக் குழாய் வளைவில் இளஞ்சிவப்பு ரிப்பன் முடிச்சுகளைப் பதித்திருந்தார். மூன்று மணிக்குப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. ஐந்து மணிக்குப் பனிமூட்டம் புல்வெளிக்குள் நுழைந்தது. அரை மணி நேரத்தில் கஞ்சி இளகி, லேஸ் நனைந்த வேட்டிபோலத் தொங்கியது. போதாக்குறைக்கு, குளிர்ந்த இரும்பில் வைத்த சூட்டுப் பசை பிடிப்பதற்கு முன்பே இறுகிவிட்டதால், முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒன்றைக் குனிந்து எடுத்து என்னிடம் நீட்டியபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை இன்னும் மறக்கவில்லை. சேலத்தின் உலர்ந்த காற்றில் வேலை செய்து பழகிய கைக்கு மலைக் காற்றின் கணக்கு தெரியவில்லை. விசாரிக்காமல் விட்ட தவறு என்னுடையதும்தான். மலைமேல் விழா வைப்பவர்கள் கஞ்சி போட்ட லேஸைத் தவிர்த்து, பாலியஸ்டர் வலையையோ ஆர்கன்சா எனும் மெல்லிய, விறைப்பான துணியையோ கேட்பதும், முடிச்சுகளை மெல்லிய கம்பியால் கட்டச் சொல்வதும் நல்லது.

அதற்குப் பிறகும் அவரிடமே போனது ஏன் என்று என் மனைவி கேட்டார். நிச்சயதார்த்தத்தின் மறுநாளே, நான் அழைப்பதற்கு முன்பாக, அவரே அழைத்து என்ன நடந்தது என்று விவரம் கேட்டார். மீதிப் பணத்தில் 1,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டார். வைகாசித் தட்டுகளில் பசையைக் குறைத்துத் தையலைக் கூட்டியது அந்த அனுபவத்தின் விளைவுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம், ஆரத்தித் தட்டு. சீர்வரிசைக்குப் பொருத்தமாக ஆரத்தித் தட்டு ஐந்துக்கும் அதே அரக்கு ரிப்பன் சுருக்கு வேண்டும் என்று தங்கை கேட்டிருந்தாள். அவர் பளிச்சென்று மறுத்துவிட்டார். “கற்பூரம் எரியுற தட்டுக்கு நான் ரிப்பன் வைக்க மாட்டேனுங்க. உருகிச் சொட்டுனா பொண்ணு கையில தானுங்க படும்.” ஐந்து தட்டுக்கான வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது. பித்தளைத் தட்டில் மஞ்சளும் சிவப்புமாக நிறமேற்றிய அரிசியால் கோலமிட்டு, நடுவில் விளக்கு வைக்கச் சொல்லி, அதைத் தங்கைக்கு இலவசமாகவே செய்து காட்டினார். இணையத்தில் பார்க்கும் ஆரத்தித் தட்டுப் படங்களில் பாதிக்கு மேல் விளிம்பில் லேஸ் இருப்பதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனி குறை. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு தருவதாகச் சொன்ன தட்டுகள் முந்தைய நாள் மாலைதான் வந்தன. மாம்பழம் வரும் அட்டைப்பெட்டிகளில், ஒன்றோடொன்று உரசாமல் செய்தித்தாள் வைத்துப் பக்குவமாகக் கட்டியிருந்தார். பிரித்தபோது ரிப்பன் பூவெல்லாம் மல்கோவா மணம் வீசியது வேறு கதை. இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்தில் வரிசையாக அடுக்கிய பிறகுதான் கோளாறு தெரிந்தது. பெரிய தட்டுகள் 13இல் 10 நல்ல அரக்கு நிறம். மூன்று மட்டும் விளக்கு வெளிச்சத்தில் செம்பழுப்பாகத் தனித்து நின்றன. முதல் உருளை 10 பெரிய தட்டோடு தீர்ந்திருக்கிறது. இரண்டாவது உருளையைப் பத்து நாள் கழித்து வாங்கியிருக்கிறார். அது வேறு சாயத் தொகுப்பு. நெசவு வீட்டுப் பிள்ளையான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஒரே பாவுக்கு இரண்டு முறை சாயம் போட்ட நூலை யாரும் ஏற்றுவதில்லை. சிறிய தட்டுகள் எட்டும் இரண்டாம் உருளையில் வந்ததால் அவை தமக்குள் ஒத்திருந்தன. மூன்று பெரிய தட்டுகளையும் சிறிய தட்டுகளோடு சேர்த்து வைத்து ஒருவாறு சமாளித்தோம். இதற்காக 500 ரூபாய் குறைத்தார்; ஆனால் இரண்டு உருளையையும் ஒரே நாளில் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விலை: பெரிய தட்டு 420 ரூபாய், சிறியது 300 ரூபாய், 21 தட்டுகளுக்கு 7,860 ரூபாய். பாதி முன்பணம், மீதி பொருள் கைக்கு வந்தபின். நான் விசாரித்த ஓரிடத்தில் வாடகைத் தட்டு ஒன்றுக்கு 150 ரூபாய் கேட்டார்கள். ஒரே விழாவோடு முடிபவர்களுக்கு அதுவே போதும். எங்கள் வீட்டில் அடுத்து வளைகாப்பு வரும், தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு வரும் என்ற கணக்கில் சொந்தமாக வாங்கினோம். மணப்பெண்ணின் ஜடைக்கு அவர் செய்துவைத்திருந்த ரிப்பன் பூ வரிசையை மட்டும் நான் வாங்கவில்லை. வேலை நேர்த்தியானதுதான், சதுரத் துண்டுகளை இதழ் இதழாக மடித்து அடுக்கிய அழகு ஜப்பானியர் கூந்தலில் சூடும் அணிகளை நினைவூட்டியது. இருந்தாலும் முகூர்த்த நாளில் விலை எவ்வளவு ஏறினாலும், வ.உ.சி. பூ மார்க்கெட்டிலிருந்து வரும் குண்டுமல்லியின் வாசம் இல்லாத ஜடையை எங்கள் அம்மா ஜடையாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

போகிறவர்கள் மண்டபத்தின் திரைச்சீலையில் ஒரு துண்டையோ முகூர்த்தப் புடவையின் படத்தையோ கொண்டுபோனால் நிறம் பார்க்க வசதியாக இருக்கும். வாட்ஸ்அப் படத்தில் அரக்கும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும். மொத்த ரிப்பனையும் ஒரே நாளில், ஒரே தொகுப்பில் வாங்கச் சொல்லி, முடிந்தால் உருளைகளைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அவர் சொல்லும் தேதியோடு நான்கு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலையை ஆடி தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிடுவது நல்லது. ஆடியில் கல்யாண வேலை இல்லாததால் கை காலியாக இருக்கும் என்று நினைத்துத் தாமதிக்க வேண்டாம், மாரியம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் அவர் ஊசியைத் தொடுவதில்லை.