டோபா ஏரி: பராபட்டில் தங்காதீர்கள், படகேறி துக்துக் போய்விடுங்கள்

இந்தோனேசியாவின் சுமத்ராவில் டோபா ஏரியைப் பார்க்க ஒரு ராத்திரி போதும் என்று பலர் சொன்னார்கள். நல்லவேளை, கேட்கவில்லை. நான்கு இரவு இருந்தோம், இன்னும் ஒன்று இருந்திருக்கலாம்.

மேடான் நகரத்திலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். கரையில் பராபட் ஊரிலேயே பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே நிற்காமல் படகேறி நடுவிலுள்ள சமோசிர் தீவுக்குப் போய்விடுங்கள். விடுதிகள் நிறைந்த ஊர் அங்கே துக்துக்; அதற்குப் போகும் படகில் விடுதியின் பெயரைச் சொன்னால் போதும், அதன் படித்துறையிலேயே இறக்கிவிடுவார்கள்.

நாங்கள் இருந்தது இங்குள்ள பதாக் மக்களின் வீட்டு அமைப்பில் கட்டிய மரக்குடில். கூரை இரண்டு பக்கமும் மேலே வளைந்து நிற்கும். வாசல் அவ்வளவு தாழ்வு, குனியாமல் நுழைய முடியாது, உள்ளே மரத்தின் வாசம். வெந்நீர் இரண்டாம் நாள்தான் வந்தது, சொன்னவுடனே சரிசெய்தார்கள் என்பதால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. படுக்கையிலிருந்து பத்தடி எடுத்து வைத்தால் ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரம், அதனால் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். கரையைவிட்டுக் கொஞ்சம் போனாலே ஆழம், சில இடங்களில் 500 மீட்டர்வரை போகிறது, நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கண்ணைவிட்டு அகலவிடாதீர்கள்.

இந்த ஏரியே ஓர் எரிமலைவாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில்கூடப் படிந்து கிடக்கிறது. சமோசிர் தீவு, வெடிப்புக்கு அப்புறம் மேலே எழும்பிய ஏரியின் அடித்தரை. ஸ்கூட்டரில் போகும்போது இது மனசில் இருந்தால் ஒவ்வொரு மேடும் வேறு மாதிரி தெரியும்.

ஸ்கூட்டர்தான் இங்கே எல்லாம். அம்பரிதா கிராமத்தில் பழைய கல் நாற்காலிகள், அப்புறம் தீவின் மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பங்குருரான் ஊர், அங்கிருந்து பாலம் தாண்டினால் பூசுக் புகிட் மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று. மலைச்சரிவு வெளுத்துக் கிடக்கிறது, கந்தக வாடை சட்டையோடு அறைவரை வந்தது. ஒருநாள் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள், வழியில் வயல்களும் கல்லறைகளும் பார்த்துக்கொண்டே போக வேண்டிய பாதை. எங்களுக்குக் கொடுத்த வண்டியில் பின் பிரேக் பிடிக்கவே இல்லை, முதல் இறக்கத்தில்தான் தெரிந்தது, உயிர் போய் வந்தது. எங்கே எடுத்தாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

சாப்பாட்டில் ஆர்சிக்கை விடாதீர்கள். மஞ்சளும் அண்டலிமான் என்ற காட்டு மிளகும் போட்டு வற்ற வேகவைத்த கெண்டை மீன், நாக்கு லேசாக மரத்துப்போகும், அதற்குள் எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை. இரண்டு வேளை அதையே சாப்பிட்டேன். சைவக்காரர்களுக்குத் துக்துக்கில் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), கடோ-கடோ (வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறி) கிடைக்கும், உள் ஊர்க் கடைகளில் பன்றி இறைச்சிதான் அதிகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 2018 ஜூனில் இந்த ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு ஒன்று மூழ்கி 150 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். நெரிசலாக இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள், உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேளுங்கள். திரும்பும்போது விடுதிப் படித்துறையில் நின்று கையசைத்தால் படகு வந்து ஏற்றிக்கொள்ளும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.