தாலுகா கோர்ட்டில் தொழில் செய்ய எங்கே பழகுவது?

சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், கோர்ட் வாசல் டீக்கடையில் தவறாமல் வரும் கேள்வி: "அண்ணே, மதுரை பெஞ்சுக்குப் போகவா, இங்கேயே ஒரு சீனியர்கிட்ட சேரவா?" சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். தேர்வுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. ஊரில்தான் தொழில் என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெஞ்சில், அதாவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், கிடைக்கும் நல்ல பாடம், இரண்டாம் மேல்முறையீட்டு வழக்குக் கட்டுகள். எந்தச் சாட்சியைக் கூப்பிடாமல் விட்டதால், எந்தப் பத்திரத்தைச் சான்றாகக் குறியீடு செய்யாததால் முன்சீப் கோர்ட்டில் வழக்கு கவிழ்ந்தது என்று அதில் தெரியும். பட்டா மாறுதல் மனுவைத் தாசில்தார் கிடப்பில் போட்டால் அவருக்கு உத்தரவிடக் கேட்டு ரிட் மனு எப்படிப் போடுவது என்றும் பழகலாம். ஆனால் கூண்டில் ஏறிய சாட்சியைப் பார்ப்பது அபூர்வம். எல்லாம் ஆங்கிலத்தில். மதுரையில் அறை வாடகை வேறு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தரவேண்டும் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சேரும் முன்பே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நான் சேர்ந்த காலத்தில் கிடைத்தது பஸ் காசு.

தாலுகா கோர்ட்டில் ஆறாவது மாதமே என்னை ஒரு வரப்புத் தகராறில் அட்வகேட் கமிஷனராக, அதாவது கோர்ட் சார்பில் இடத்தைப் பார்த்து அறிக்கை தருபவராகப் போட்டார்கள். கோர்ட் தந்த கமிஷன் வாரண்டும் கையுமாக வயலில் போய் நின்றால், சர்வேயர் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை என் கையில் கொடுத்து, "சார், எந்தக் கல்லுல இருந்து பிடிக்கட்டும்?" என்றார். படத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். வடக்கே கல்லையே காணோம். பனைமரம்தான் எல்லை என்கிறார் வாதி; அந்த மரம் தாம் பிறந்த பிறகு முளைத்தது என்கிறார் எழுபது வயது பிரதிவாதி. நில விவரம் உள்ள அ-பதிவேடு, சாகுபடி விவரம் உள்ள அடங்கல், பத்திரத்தின் நான்கெல்லை மூன்றையும் ஒட்டவைத்துப் பார்க்க அன்று இரவுதான் உட்கார்ந்தேன். அஞ்சு வருஷப் படிப்பில் இதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

அப்புறம் தமிழ். கல்லூரியில் பிராதை, அதாவது வழக்கு மனுவை, ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கைக்கு, 'தாவா சொத்து வாதியின் அனுபோகத்தில் இருந்து வருகிறது' என்று ஒரு வரி எழுத வராது. எனக்கு அதைச் சொல்லித்தந்தது சீனியர் இல்லை, அவருடைய குமாஸ்தா. 1980-களில் நடந்த யுடிஆரில், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில், பாட்டி பேரில் இருந்த பட்டா சித்தப்பா பேருக்குப் போன கதையும் இங்கேதான் வரும். பாகப்பிரிவினையில், மகளுக்குப் பங்கு உண்டா என்று பார்க்க, அவளுக்கு 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமா என்று பத்திரிகையைத் தேடிய காலம் போய், இப்போது 2004 டிசம்பர் 20-க்கு முன் பாகம் பிரிந்துவிட்டதா என்று தேடுகிறோம்.

குறையும் உண்டு. சீனியர் கிரிமினல் பக்கமே போகாதவர் என்றால் நீங்களும் ரிமாண்டைப் பார்க்கமாட்டீர்கள். எதிர்த்தரப்பு பாதிநாள் சொந்தக்காரராக இருப்பார்.

கிரிமினல் பழகாத குறைக்கு மருந்து சட்ட உதவிப் பக்கம் இருக்கிறது. 2022 திட்டப்படி வந்த, வசதியில்லாதவர்களுக்காகக் கிரிமினல் வழக்கு நடத்தும் சட்ட உதவி எதிர்காப்பு அமைப்பில், உதவி வக்கீலாக 3 வருஷத்துக்குள் அனுபவம் உள்ளவர்களையும் எடுக்கிறார்கள். ஜாமீன், ரிமாண்ட், குறுக்கு விசாரணை எல்லாம் கைக்கு வரும். ஆனால் கிரிமினல் மட்டும்தான், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில், சொந்த வழக்கும் எடுக்கக்கூடாது. நிலவழக்கை நம்பி இருக்கும் ஊருக்கு இது மட்டும் போதாது. மாணவராக இருக்கும்போதே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்துகொள்வது எளிது.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருஷம் சிவில் சீனியரிடம். நீங்கள் நடத்திய வழக்கே மேல்முறையீட்டுக்குப் போகும்போது ஒரு வருஷம் பெஞ்ச். கல்லூரி விதிப்படி அஞ்சு வருஷப் படிப்புக்கு 20 வாரம், மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. அதில் நாலு வாரத்தை ஊர்க் கோர்ட்டுக்கு ஒதுக்குங்கள். இரண்டு விசாரணையைப் பார்த்து எழுதும் ரெக்கார்டை சீனியர் மாணவன் நோட்டைப் பார்த்து எழுதாமல், நிஜமாகவே உட்கார்ந்து பாருங்கள்.

போகுமுன் வீட்டு மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் புலப்படத்தோடு வைத்துப் படியுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தது.