மறுசோதனையா, பழைய பதிவா?

பிடிபட்ட பொருள் போதைப்பொருள்தானா என்று தகராறு வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது மறுசோதனை. மிச்ச மாதிரி வேறு ஆய்வகத்துக்குப் போகும். கேட்பது நியாயம்தான். ஆனால் பொட்டலம் சும்மா கிடப்பதில்லை. ஈரம் பட்ட ஹெராயின் மெல்ல மார்ஃபினாகச் சிதையும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி குறைந்து, அது சிதைந்து உண்டாகும் சிபிஎன் கூடும், காய்ந்து எடையும் இறங்கும். அப்புறம் முடிவு மாறினால், ஆய்வகத்தின் தவறா காலத்தின் வேலையா என்று புதுத் தகராறு.

இன்னொரு வழி, முதல் சோதனையின் மூலப்பதிவுகளைக் கேட்டு வாங்குவது: ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, எந்தப் பொருள் என்று அடையாளம் காட்டும் கருவி) வரைபடம், எடைக் குறிப்பு. ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் வெறும் முதற்கட்ட நிறச் சோதனையோடு நிறுத்தியிருந்தால், அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். மாதிரியும் செலவாகாது. என் ஓட்டு முதலில் இதற்கே.

சரி, ஆய்வகத்துக்கு வருமுன்பே பொட்டலம் மாறியிருந்தால்? இரண்டுமே கைவிடும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.