குழுவோடு ஓர் ஒயின் பயணம்: போர்தோவா, டூரோவா, டோக்காயா?

ஐரோப்பாவின் பழமையான ஒயின் பகுதிகளுக்கு வழிகாட்டியோடு செல்லும் குழுப் பயணங்களை ஒப்பிடும்போது பெரும்பாலோர் ஒயினின் தரத்தையே தராசில் வைக்கிறார்கள். நல்ல ஒயின் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்பதால் அந்த ஒப்பீட்டால் பயணிக்குப் பெரிய பயன் இல்லை. இருபது பேர் பேருந்திலிருந்து இறங்கும்போது அந்தப் பகுதி அவர்களை எப்படி வரவேற்கிறது, வழிகாட்டி இல்லாமல் போனால் அங்கே எதை இழப்போம் என்ற இரண்டு கேள்விகளே எனக்கு முதன்மையானவை. பிரான்சின் போர்தோ, போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கு, ஹங்கேரியின் டோக்காய் ஆகிய மூன்றும் அவற்றுக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. (போர்தோவும், டூரோ ஆறு கடலில் கலக்கும் போர்ட்டோ நகரமும் தமிழ் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும், முன்பதிவு செய்யும்போது நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.)

மூன்றில் பெயர் பெற்றது போர்தோ. 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி வகுக்கப்பட்ட தரவரிசை, போர்தோவைச் சேர்ந்த மெடோக் பகுதியின் சிவப்பு ஒயின் பண்ணைகளை ஐந்து படிகளாகப் பிரித்தது. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு உயர்ந்ததைத் தவிர அதில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. இந்தப் புகழே குழுப் பயணிக்கு இடைஞ்சலாகிறது. முதல் படியில் உள்ள பண்ணை மாளிகைகள் எந்தக் குழுவுக்கும் எளிதில் கதவைத் திறப்பதில்லை என்பதால், பேருந்து இரும்புக் கதவின் முன் நிற்க, எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். பயணத் திட்டத்தில் ஒரு பண்ணையின் பெயருக்கு எதிரே ‘காண்பது’ என்று எழுதியிருக்கிறதா, ‘உள்ளே சென்று சுவைப்பது’ என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். உள்ளே அனுமதிக்கும் மற்றப் பண்ணைகளுக்கும் முன் அனுமதி தேவைப்படுவதாலும், அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதாலும், மெடோக்கில் வழிகாட்டி தன் கூலிக்கு உழைக்கவே செய்கிறார்.

போர்தோ பகுதியிலேயே ஆற்றுக்கு மறுபுறம் இருக்கும் செயிண்ட் எமிலியோன் அப்படியல்ல. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தச் சிற்றூருக்குப் போர்தோவிலிருந்து ரயிலில் வந்து, திராட்சைத் தோட்டங்களின் ஊடாக நடந்தே ஊரை அடையலாம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து நிலத்துக்கு அடியில் எழுப்பிய தேவாலயத்துக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும் என்பதால், தனியாக வந்தவரும் அந்தச் சிறிது நேரத்துக்கு ஒரு குழுவின் உறுப்பினராகிவிடுகிறார். அதற்காக ஒரு வாரம் முழுவதும் குழுவோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

குழுப் பயணத்துக்கென்றே அமைந்தது போல இருப்பது டூரோ. 1756இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு இப்பகுதிக்குச் சட்டப்படி எல்லை வகுத்து, அதைக் குறிக்கக் கருங்கல் தூண்களை நடச் செய்தார். அவற்றில் சில இன்றும் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன. வழிகாட்டி சுட்டிக் காட்டாவிட்டால், யாரோ நட்ட வேலிக்கல் என்று எண்ணிக் கடந்துவிடுவோம். செங்குத்தான பலகைப்பாறைச் சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள், வளைந்து வளைந்து ஏறும் குறுகிய சாலைகள், நாற்பது டிகிரியைத் தாண்டக்கூடிய கோடை வெயில் ஆகியவற்றோடு இங்கே விளையும் திராட்சையில் செய்யும் போர்ட் ஒயினின் வலிமையும் சேர்ந்துகொள்கிறது. நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைக் கலந்ததும் நொதித்தல் நின்று, சர்க்கரையில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடுகிறது. புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் ஏறத்தாழ 20 விழுக்காடு இருக்கும். இனிப்பு வலிமையை மறைத்துவிடுவதால், மூன்று கோப்பைகளுக்குப் பிறகு அந்தச் சாலையில் வண்டியோட்டும் எண்ணமே வரக்கூடாது.

ஆற்றுவழியில் சென்றால் இந்தக் கவலை இல்லை. அணைகள் வருவதற்கு முன் டூரோ கொடிய ஆறாக இருந்தது. பள்ளத்தாக்கின் வரைபடத்தைத் தீட்டிய ஃபாரஸ்டர் பிரபுவே 1861இல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். இன்று கரபத்தேலோ அணையில் கப்பல்களை ஏற்றி இறக்கும் மடைக்குள் கப்பல் நுழைந்ததும், இருபுறமும் ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் உயர்ந்து நிற்க, நிரம்பும் தண்ணீர் அதை 35 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. மேல்தளத்தில் நிற்பவர் கை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடுவார் போலிருக்கும். இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில், கடற்காற்றின் குளிர்ச்சியில் பீப்பாய்கள் முதிரும் வில நோவா டி காயாவின் கிடங்குகளை மட்டும் காட்டிவிட்டு, அதையே ‘டூரோ பயணம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். திராட்சை விளைவது அங்கிருந்து மேல்நோக்கி வெகுதூரத்தில். பள்ளத்தாக்கில் குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்காத திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டோக்காய்க்கு வரும்போது கணக்கு மாறுகிறது. 1737இல் அரச ஆணையால் எல்லை வகுக்கப்பட்டு, 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இப்பகுதிக்கு வழிகாட்டி கட்டாயம் தேவை. பெரிய குழுதான் ஆகாது. ஹங்கேரியில் வண்டியோட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் சிறிதும் இருக்கக் கூடாது என்பது சட்டம். பிரான்சிலும் போர்ச்சுகலிலும் லிட்டருக்கு 0.5 கிராம் வரை அனுமதி இருப்பதால் ஒரு வாய் சுவைத்துவிட்டு வண்டியெடுக்கும் துணிச்சல் சிலருக்கு வரலாம். இங்கே அதற்கும் இடமில்லை. ஆனால் ஒயின் நிலவறைகள் எரிமலைப் பாறையில் குடைந்த, குனிந்து நடக்க வேண்டிய சுரங்கங்கள். இருபது பேர் வரிசையாக உள்ளே போனால், முன்னால் நிற்பவர் சொல்வது கடைசி ஆளின் காதுக்கு எட்டாது. சுவரெங்கும் கறுப்புப் பூஞ்சை கம்பளி போல மெத்தென்று படர்ந்திருக்கிறது; நிலவறைக்காரர்கள் அதைத் துடைப்பதில்லை, ஈரத்தைச் சீராக வைப்பது அதுதான் என்று அதைப் பேணுகிறார்கள்.

போட்ரோக், திசா ஆறுகளிலிருந்து எழும் இலையுதிர்கால மூடுபனியால் ஃபுர்மிண்ட் வகைத் திராட்சையில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கிறது. சுருங்கி உலர்ந்த அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பறித்து அசு என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறார்கள். லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை அதில் எஞ்ச வேண்டும். குவித்து வைத்த பழங்களின் எடையாலேயே சொட்டுச் சொட்டாக வடியும் எசென்சியாவைச் சில இடங்களில் கரண்டியில் தருவார்கள். எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுவில் அந்தக் கரண்டிக்கு வரிசையில் நிற்கும் நேரமே சுவைக்கும் நேரத்தை விழுங்கிவிடும்.

ஆகவே முதன்முறை செல்பவருக்கு டூரோவை முன்வைப்பேன். ஏற்கெனவே ஓரிரு பகுதிகளைப் பார்த்தவர், புடாபெஸ்ட்டில் சிறு குழுவாகச் சேர்ந்து டோக்காய் செல்லலாம். போர்தோவில் மெடோக்குக்கு மட்டும் ஒருநாள் குழுவில் சேர்ந்துகொண்டு, மற்ற நாட்களைத் தன்போக்கில் கழிப்பதே சிக்கனம். மாதத்தையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். செப்டம்பரில் டூரோவின் சில பண்ணைகளில் திராட்சையைக் கல்தொட்டியில் இட்டு மிதிப்பதைக் காணலாம். அதே நாட்களில் போர்தோவின் பண்ணைகள் பல, அறுவடை வேலையில் மூழ்கி விருந்தினரைத் தவிர்க்கின்றன. டோக்காயில் அசுப் பழம் பறிக்க அக்டோபர் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டும்.