பாலக்காட்டுப் பைத்தான் கூட்டம்: ஏழு மாதம் போய் வந்தவளின் கணக்கு

பாலக்காட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு கல்லூரியின் லேபில் கூடுகிறார்கள். தமிழ்நாட்டு எல்லையோரத்து எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி ஏழு மாதமாகப் போய் வருகிறேன். நடுவில் ஒருமுறைதான் தவறியது, எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட அன்று. போகலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். மகனுடைய ஐ.டி. பாடப் புத்தகத்தில் பைத்தான் இருந்தது. திரையில் ஒரு ஆமையை நகர்த்திக் கட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். அவன் கட்டம் போட்டு முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான், நான் உட்கார்ந்துவிட்டேன். பாலின் லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) மூன்றையும் கொடுத்தால் விலைச் சார்ட்டைப் பார்த்து வாரப் பணம் போடுகிற மாதிரி ஒன்றைத் தட்டுத்தடுமாறி எழுதினேன். ஓடியது. அப்புறம்தான் வினை ஆரம்பித்தது.

பால் ஊற்றுகிற ஒரு அம்மா அட்டையை நீட்டி, "கண்ணு, ஒரு ரூவா எங்க போச்சு?" என்று கேட்டார். 282 ரூபாய் 50 காசு வந்தால் 283 கொடுப்பது எங்கள் வழக்கம். என் புரோகிராம் 282 போட்டிருந்தது. அதே வாரம் இன்னொருவருக்கு 283.50 வந்ததற்கு 284 சரியாகவே போட்டிருக்கிறது! பேய் பிடித்த மாதிரி இருந்தது.

முதலில் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குத்தான் போனேன். அங்கேயும் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது, நம்ம பாஷை, நம்ம ஆட்கள் என்று ஆசை. பெரிய ஹால், ஏசி, நல்ல காபி. பேச்சு முழுக்க கிளவுட், இன்டர்வியூ, சம்பளம். நான் லேப்டாப்பைத் திறந்து காட்டியதும் ஒரு தம்பி, "இதுக்கு எக்ஸெல்லே போதுமேக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

பாலக்காட்டில் பத்து மணி என்றால் பத்தேமுக்காலுக்குத்தான் தொடங்கும். லேப் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. பெண்கள் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், அவரைத் தேடுவதற்குள் ஒரு உரையே முடிந்துவிடும். காலை உரைகள் எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாரும் மலையாளமும் தமிழும் பேசுகிறவர்கள்தான், மேடை ஏறியதும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறார்கள். இத்தனை மாதத்தில் இரண்டு உரைதான் மனதில் நின்றது.

சோற்றுக்கு அப்புறம்தான் விஷயம். (தலைக்கு ஐம்பது ரூபாய், மட்ட அரிசிச் சோறு. வெள்ளைச் சோறு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.) இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை அவரவர் சிக்கலைத் திறந்து வைத்து உட்காரலாம். பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

முதல் மாதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது காலேஜ் முடித்த ஒரு மலையாளப் பையன். ஐந்து நிமிஷம் பார்த்தான். "சேச்சி, ரவுண்டாணு சதிச்சது" என்றான். முழு எண்ணாக்குகிற round கட்டளைதான் ஏமாற்றியது என்று அர்த்தம். round(2.5) என்று அடித்துக் காட்டினான், 2 வந்தது. round(3.5) என்றால் 4. சரிபாதியாக வந்தால் பைத்தான் 3 பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடுமாம். எப்போதும் மேலேயே ஏற்றிக்கொண்டு போனால் மொத்தத்தில் கூடிக்கொண்டே போகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்த ரிட்டயர்டு மாஷ் (வாத்தியார்) ஒருவர், "பழைய இரண்டில் மேலேதான் போகும்" என்றார். அந்தப் பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. தசமக் கணக்குக்கென்று பைத்தானில் இருக்கும் டெசிமல் மாட்யூலைப் போட்டு, பாதி வந்தால் மேலே ஏற்று என்று ஒரு வரியில் சொன்னதும் 283 வந்தது. அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டாவது சிக்கல் இதைவிட வேடிக்கை. ஊர்வாரியாகக் கூட்டினால் எனக்கு மூன்று கொழிஞ்சாம்பாறை வந்தது. திரையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பையனுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஒவ்வொன்றுக்கும் நீளத்தை எண்ணிச் சொல்கிற len போட்டுப் பார்த்தான்: 14, 15, 15. நமக்கு ஏழெழுத்து, பைத்தானோ புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். முதலாவதில் 'கொ'வின் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. இரண்டாவது பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய லிஸ்டில் இருந்தது, அதில் கொம்பு தனி, கால் தனி. ஒரே எழுத்தை வேறு வேறு குறியீட்டில் அடித்திருந்தால் ஒன்றாக்குவதற்கு யூனிகோடு நார்மலைஸ் என்று பெயர், அதைச் செய்யும் ஒரு வரி இந்த இரண்டையும் சேர்த்துவிட்டது.

மூன்றாவது மசியவில்லை. அதுவும் 15 என்பதால் இரண்டாவதோடு சேர வேண்டியதுதானே என்று குழம்பினோம். எழுத்து எழுத்தாகப் பிரித்துப் போட்டபோதுதான் தெரிந்தது, காலுக்குப் பதில் யாரோ 'ர' அடித்திருக்கிறார்கள்! 'கெரழிஞ்சாம்பாறை'. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எந்த நார்மலைசும் இதைத் திருத்தாது, கையால்தான் திருத்த வேண்டும். 41 வரி திருத்தினேன்.

அவனுக்கு எப்படி இவ்வளவு சட்டென்று பிடிபட்டது என்று கேட்டேன். மலையாளத்திலும் இதே பாடுதானாம். சில்லெழுத்துகளுக்கு (நம்ம ன், ல் மாதிரி உயிர் சேராத மலையாள எழுத்துகள்) 2008-இல் யூனிகோடு 5.1 வந்தபோது தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அடித்ததும் பின்னால் அடித்ததும் பார்க்க ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. அவனுடைய அப்பாவின் பெயரே ஒரு லிஸ்டில் கிடைக்காமல் போயிருக்கிறது. தமிழ்க்காரர்கள் எக்ஸெல் போதும் என்ற இடத்தில், தமிழ் வாசிக்கத் திணறுகிற பையன் என் ஊர்ப் பெயரைச் சரிசெய்து கொடுத்தான். எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுகிற மாதிரியே எண்ணித்தர ஓபன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நூலகம் இருக்கிறது. அதையும் அங்கேதான் கற்றேன். அதில் கொழிஞ்சாம்பாறை ஏழுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரை குறைந்தது மாடிப்படிக்கும் சாவிக்கும் காலை இங்கிலீஷுக்கும். சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று போனால் தூக்கம்தான் வரும், ஓடாத ஃபைல் ஒன்றைக் கொண்டுபோங்கள். மத்தியானம் போனாலும் போதும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாலு மணிக்குச் சாயாவும் பழம்பொரியும் வரும், கடைசி பெஞ்சுக்கு வருவதற்குள் பழம்பொரி தீர்ந்துவிடும். பிளக் பாயிண்ட் குறைவு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப்போவது நல்லது. பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். என்னுடையதைப் போன மாதம் யாரோ மாற்றி எடுத்துப்போய்விட்டார்கள், அவருடையது இப்போது என்னிடம் இருக்கிறது, அதில் இரண்டு ஓட்டை வேலை செய்யவில்லை.